பினாங்குப் பேச்சு

— சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்கண்ணே. அவுக அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாக.

— அல்லா மேல ஆணையாச் சொல்றேன் தங்கச்சி. ஹாஜா மலாய்ல என்ன சொன்னானோ அதத்தான் ஒனக்குத் தமிழ்ல சொன்னேன். கஞ்சி நல்லா இருக்கு, அவ சாப்பிட்டாளான்னு கேட்டான்.

— நீங்க சக்கரை போட்டுச் சொல்றீங்க. பெரியம்மா மகளாச்சே, மனசு நோகக் கூடாதுன்னு.

— சக்கரை போட நான் என்ன பலகாரக் கடையா வச்சிருக்கேன்? நானும் ஒம் புருசனும் பினாங்குல ஒரே ஜவுளிக் கடையில நிக்கிறவங்க. துணி அளக்குற மாதிரி அளந்துதான் குடுக்குறேன். ஒரு விரக்கடை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.

— நிக்காஹ் ஆகி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. சாப்பிட்டியான்னு ஒருநாள் கேட்டதில்ல. அப்பிடிக் கேக்குற வழக்கமே இந்த வீட்டுல கெடையாதுண்ணே. ஆம்பளைங்க கை கழுவி எந்திரிச்சா, சட்டியில கெடக்குறது எங்களுக்கு. எம்புட்டுக் கெடக்குன்னு யாரு குனிஞ்சு பாத்தா?

— ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே?

— சொல்லுங்க.

— 'சுடா மக்கான்?', சாப்பிட்டாச்சான்னு அவன் கேக்குறான் பாரு, அது பெரிய விசாரிப்பு ஒண்ணும் இல்ல. மலாய்க்காரங்க ரோட்டுல எதிர்ல வாரவன்கிட்டயும் கேப்பாங்க. நம்மாளுக 'என்ன, சௌக்கியமா'ன்னு கேட்டுட்டு நிக்காமப் போறாங்கல்ல, அது மாதிரி.

— அவுக நிக்கிறாகளே.

— என்னது?

— பதிலுக்கு நிக்கிறாகண்ணே. நான் தலையாட்டுற வரைக்கும் கஞ்சிக் கோப்பையக் கையில வாங்க மாட்டேங்கிறாக. பொய்யாத் தலையாட்டக் கூடாதேன்னு, இப்பல்லாம் அடுப்படியிலயே ரெண்டு வாய் குடிச்சிட்டுத்தான் உள்ள போறேன். மாமியா உசுரோட இருந்தா வெளக்குமாத்தத் தூக்கியிருப்பாக.

— ஒடம்பு தேறியிருக்குன்னு நானே நெனச்சேன். அவனுக்கில்ல, ஒனக்கு.

— அப்பறம் இன்னொண்ணு சொல்றாக. கோப்பையத் திருப்பிக் குடுக்குறப்ப, தலகாணிய நிமித்தி வைக்கிறப்ப, வேர்வையத் தொடைக்கிறப்ப. 'தெரிமா காசே'ன்னு. அது எனக்காக அல்லாகிட்டக் கேக்குற துஆவாண்ணே?

— துஆ இல்ல. 'தெரிமா'ன்னா வாங்கிக்கிட்டேன். 'காசே'ன்னா அன்பு. அன்ப வாங்கிக்கிட்டேன்னு அர்த்தம். இதுவும் அங்க பஸ்ஸுல எடம் விட்டாச் சொல்ற பேச்சுதான்.

— எனக்கு யாரும் பஸ்ஸுல எடம் விட்டதில்ல. எனக்குப் புதுசாத்தான் இருக்கு.

— சரி தங்கச்சி, மீன அலசிக்கிட்டே கேளு. லுஹர் தொழுகை முடிஞ்சதும் நான் பஸ் ஏறணும். நாளைக்கு நாகப்பட்டினத்துல கப்பல். ஹாஜாவையும் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு நீ இன்னும் வாயத் தொறக்கல.

— மெதுவாப் பேசுங்க. ஜன்னல் தொறந்து கெடக்கு.

— கேட்டாத்தான் என்ன? பள்ளிவாசல் குளத்துப் படியில விழுந்தானே, அன்னைக்கே தமிழு பூராம் பலகையத் தொடச்சாப்ல போயிருச்சே. அறந்தாங்கி டாக்டரு சொன்னாருல்ல, மூளையில ரத்தம் கட்டி, வலது கையும் வெளங்காமப் போயி, சின்ன வயசுலேர்ந்து பேசுன பேச்சு போயிருச்சு, பெறகு கத்துக்கிட்டது தங்கிருச்சு, எங்கயோ ஒருத்தருக்கு இப்பிடி ஆகும்னு. நாம பேசுறது அவனுக்குக் காக்கா கத்துறது மாதிரிதான் இருக்கும்.

— நாத்தனா நூர்நிஷா ஜின்னுங்கிறா. ஒங்க கப்பல்ல தொத்திக்கிட்டு வந்த மலாய்க்கார ஜின்னாம். லெப்பைகிட்டத் தண்ணி ஓதி வாங்கியாந்து அவுக மூஞ்சியில சப்புனு அடிச்சா. அவுக என்னமோ சொன்னாக, நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அர்த்தம் கேட்டதுக்குச் சொல்லல.

— 'மழை வரும்னு தெரிஞ்சிருந்தாக் கொடை எடுத்தாந்திருப்பேனே'ன்னான்.

— அவுகளா? தமாசா?

— என்ன இப்பிடிக் கேக்குற? கடையில அவன் வாயத் தொறந்தாச் சனம் சிரிச்சுக்கிட்டேதான் துணி எடுக்கும். சந்தைக்கு வார கெழவிங்க எங்களையெல்லாம் சட்டையே பண்ண மாட்டாளுக. 'அந்தச் சிரிப்புக்காரன் எங்க?'ம்பாளுக.

— சிரிப்புக்காரன்! இந்தத் தெருவுல போயிச் சொல்லிப் பாருங்க, ஒங்களையும் அந்தத் தண்ணிய வாங்கிக் குடிக்கச் சொல்லுவாக. லீவுல வந்தா அவுக பேசுற பேச்ச என் விரல்லயே எண்ணிரலாம். 'இந்தா', 'தண்ணி', 'கதவச் சாத்து', 'வெளிய யாரு'. தீந்துச்சு. மறுபடி கப்பல் வந்துரும்.

— ரெண்டும் ஒரே ஆளுதான் தங்கச்சி.

— எப்பிடிண்ணே? அத எனக்குச் சொல்லுங்க. நாக்கு ஒண்ணு, நெஞ்சு ஒண்ணு. அப்பறம் எப்பிடி ரெண்டு மனுசரு? மலாய்ல கோவமே கெடையாதா?

— ஏன் கெடையாது? என் மலாயக் கேட்டுட்டுச் சொல்லு. கடைக்கு வாரதுக்கு முன்னால நான் துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்களோட நின்னவன். என் மலாய் பூராம் வசவுதான். தமிழ்ல நான் எம்புட்டுப் பதவிசு, நீயே பாக்குற. அங்க மலாய்ல பேச ஆரம்பிச்சேன்னா மொதலாளியே அங்கிட்டு நவுந்துருவாரு. எம் பொண்டாட்டி கேட்டா மயங்கி விழுவா.

— நெசமாவா!

— கேட்டுக்க. ஹாஜா மீசை மொளைக்காத வயசுல கப்பல் ஏறி, நேரா ஜவுளிக் கடைக்குள்ள போனவன். வாரவங்க மொகம் சுளிச்சா ஒன் தோல உரிச்சிருவேன்னு மொத நாளே மொதலாளி சொல்லிட்டாரு. அவன் கத்துக்கிட்டதெல்லாம் 'உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மெதுவாப் பாருங்க, இந்தக் கலரு ஒங்களுக்கு எடுக்கும்' இதுதான். திட்டுறதுக்கு அவன்கிட்ட மலாயே இல்ல. கோவம் வந்தாலும் அத எதுல பேசுவான்?

— அப்பத் தமிழு?

— தமிழ எங்க கத்துக்கிட்டான்?

— இந்த வீட்டுல.

— யாருகிட்ட?

— அவுகளப் பெத்த அத்தாகிட்ட. என் மாமாகிட்ட.

— அம்புட்டுத்தான்.

— இருங்கண்ணே. இருங்க. எனக்கு இப்பத்தான் வெளங்குது. நான் வந்த புதுசுல மாமா இருந்தாக. வாசல்ல ஒரு இருமல் கேட்டாப் போதும், அடுப்படியில அத்தன பேரும் வாயப் பொத்திக்குவோம். 'அத்தா வீட்ல இல்ல'ன்னு நூர்நிஷா ஓடியாந்து சொல்லுவா, அதுக்கப்பறந்தான் எங்களுக்குச் சிரிப்பே வரும். மாமா மவுத்தாகி எம்புட்டு வருசமாச்சு! ஆனா இவுக லீவுல வந்து 'இந்தா'ன்னு கூப்புடுறப்ப, அசல் அந்தக் குரலு. அதே இழுப்பு, அதே வெட்டு. கண்ண மூடிக்கிட்டு நின்னா மாமாதான் எந்திரிச்சு வந்துட்டாகளோன்னு தோணும்.

— 'இந்தா'ன்னா கூப்புடுவான்? பேரு சொல்ல மாட்டானா?

— என் பேரு அவுகளுக்கு ஞாபகம் இருக்கான்னே எனக்குச் சந்தேகம். நிக்காஹ் அன்னைக்கு ஹஜரத்து சொல்லிக் கேட்டிருப்பாக, அதோட சரி. இப்ப 'அடிக்'ன்னு ஒண்ணு சொல்லிக் கூப்புடுறாக. அது நல்ல வார்த்தைதானே?

— ரொம்ப நல்ல வார்த்த. தங்கச்சின்னு அர்த்தம்.

— அஸ்தபிருல்லா!

— அலறாத புள்ள, அடுத்த வீட்டுக்குக் கேக்கும். அங்க பொண்டாட்டிய அப்பிடித்தான் கூப்புடுவாங்க. பொண்டாட்டி புருசன 'அபாங்'ம்பா. அண்ணேன்னு அர்த்தம்.

— கட்டுனவர அண்ணேங்கிறதா? நிக்காஹ் நிக்குமாண்ணே அப்பறம்? பேருக்கு ஒரு மரியாத வேணாம்?

— அவுங்க நம்மளப் பாத்துக் கேப்பாங்க. 'என்னய்யா இது, ஒங்க ஊருல பொம்பளைங்க புருசன ஒண்ணுமே சொல்லிக் கூப்புடாம செவுத்தப் பாத்துப் பேசுறாளுகளாமே, செவுத்துக்கா வாக்கப்பட்டாளுக?'ம்பாங்க.

— ...அதுவும் சரிதான். அந்தா அந்தச் செவுத்துக்கிட்ட நான் பேசியிருக்குற பேச்சுக்கு, அதுவே எந்திரிச்சு வந்து எனக்கு ஒத்தாசை பண்ணணும்.

— சிரிச்சிட்டியா? நல்லது. இப்பச் சொல்லு, என்கூட அனுப்புறியா?

— அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லணும். நேத்து அசர் தொழுகைக்கப்பறம் அவுக ரொம்ப நேரம் பேசுனாக. என்னன்னு கேட்டேன். 'காத்து நல்லா வருதுங்கிறான்'னீங்க. அம்புட்டுப் பேச்சும் காத்தப் பத்தியா? துணி அளக்குறவரு அதுல மட்டும் ஏன் கொறைச்சிட்டீங்க?

— அது... தங்கச்சிகிட்டச் சொல்ற பேச்சு இல்ல.

— அந்தத் தென்னமரத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் மீன் அலசுறேன். கேக்காத மாதிரியே இருந்துக்குறேன்.

— என்னையப் போயி... சரி. ஏ தென்னமரமே, கேட்டுக்க. கப்பலுக்குக் கெளம்புற அன்னைக்கெல்லாம் அவ கதவுக்குப் பின்னால நிப்பாளாம். ஆளு தெரியாதாம். வளையச் சத்தம் மட்டும் கேக்குமாம். அந்தச் சத்தத்த இவன் காதுலயே வச்சுக்கிட்டு நாகப்பட்டினம் வரைக்கும் போவானாம். கப்பல்ல எஞ்சின் போட்டதும் அது அமுங்கிப் போயிருமாம். ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல நின்னு அழுவானாம். நானும் அதே கப்பல்ல போனவன்தான். கண்ணுல தூசுன்னு சொல்லுவான், நானும் நம்பியிருக்கேன். தங்கச்சி? அங்கிட்டுப் பாரு, பூன வருது.

— வரட்டும். இத ஏண்ணே எங்கிட்டத் தமிழ்ல சொல்லல? ஒருதடவ? ஒரே ஒரு தடவ?

— தமிழ்ல எப்பிடிச் சொல்லுவான்? அவுக அத்தா சொல்லி அவன் கேட்டிருக்கானா? கேக்காதத எப்பிடிப் பேசுறது? எனக்கே தென்னமரம் வேண்டியிருக்கு.

— பூன கொண்டுபோயிருச்சு.

— போனாப் போகுது, கருவாட வச்சு ஆனங் காச்சு. இங்க பாரு, டாக்டரு பயிற்சி சொன்னாரே, அது எம்புட்டுல இருக்கு? ஒவ்வொரு சாமானாக் காட்டித் தமிழ்ல பேரு சொல்ல வைக்கணும், தெனமும் பேச்சுக் குடுக்கணும், வந்துரும்னாரே?

— செய்யல.

— என்னது?

— மொத வாரம் செஞ்சேன். சொம்பக் காட்டித் தண்ணின்னு சொல்லுங்கன்னேன். பல்லக் கடிச்சு, கழுத்து நரம்பு பொடச்சு, 'த... த...'ன்னு முக்குனாக. அந்தப் பல்லுக் கடியில மாமா மொகம் வந்து நின்னுச்சுண்ணே. நான் சொம்பக் கீழ வச்சிட்டேன். அப்பறம் தூக்கல.

— ஹமீதா! அவன் நாக்க நீயே கட்டிப்போட்ட மாதிரி ஆச்சே!

— தெரியும். அஞ்சு வேளைத் தொழுகையிலயும் அதத்தான் சொல்லி அழுவுறேன். தமிழு வந்தா மாமாவும் அதுகூடவே வீட்டுக்குள்ள வந்துருவாகளோன்னு பயந்துட்டேன். இப்பத்தாண்ணே ஒரு மனுசரு எங்கிட்ட அன்ப வாங்கிக்கிட்டேங்கிறாரு. அவரப் பாத்தே ரெண்டு மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள அனுப்பிருன்னா எப்பிடி?

— நான் போன பெறகு அவன் சொல்றத ஒனக்கு யாரு சொல்லுவா? இந்தக் கோட்டைப்பட்டினத்துல இப்ப மலாய் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். மத்தவன்லாம் கடல் தாண்டி இருக்கான். நீ கத்துக்கிட்ட ஏழெட்டு வார்த்தைய வச்சுக்கிட்டுக் காலந்தள்ள முடியுமா? அங்கன்னா அவன் வாயத் தொறந்தாத் தெருவே பதில் பேசும். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பெறகு காயிதமெல்லாம் கெடுபிடி ஆயிருச்சு. இந்தக் கப்பல விட்டா இனி அவன் அந்த மண்ண மிதிக்க முடியாது. நல்லா யோசி.

— அவுகளக் கேட்டீங்களா?

— கேட்டேன். 'அவ என்ன சொல்றாளோ அதான்'னான்.

— என்னையவா? என்னையக் கேக்கச் சொன்னாகளா? அண்ணே, பொட்டி கட்டி வாசலுக்கு வந்த பெறகுதான் கப்பல் என்னைக்குன்னே எனக்குத் தெரியும்.

— இப்பக் கேக்குறான். சொல்லு.

— போக வேணாம்.

— அப்ப அத அவன்கிட்டச் சொல்லு.

— எப்பிடிச் சொல்லுவேன்? சபுரு போறவுகள, பயணம் கெளம்புறவுகள மறிக்கக் கூடாதுல்ல. பொம்பள வாயால 'போகாதீங்க'ன்னு ஒரு சொல்லு விழுந்துட்டா அந்தக் கப்பல் கரை சேராதும்பாக. நிக்காஹ் ஆகி மொதத் தடவ அவுக கெளம்புனப்ப, அந்தச் சொல்லு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மாமியா என் கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனாக. 'அல்லா காவல், போயிட்டு வாங்க'ன்னேன். அன்னைலேர்ந்து அது ஒண்ணுதான் எனக்கு வரும். நான் மட்டுமா? இந்தத் தெருவுல வீடு வீடாப் போயிக் கேளுங்க. ஒருத்தியாச்சும் சொல்லியிருப்பாளா? ஒவ்வொரு ஆம்பளையும் பொண்டாட்டி சந்தோசமாத்தான் அனுப்புறான்னு நெனச்சுக்கிட்டுக் கப்பல்ல ஏறியிருக்கான்.

— ...எம் பொண்டாட்டியும் இன்னைக்குக் காலையில அதான் சொன்னா. அல்லா காவல், போயிட்டு வாங்கன்னு.

— எங்க நின்னு சொன்னா?

— கதவுக்குப் பின்னால.

— அண்ணே.

— சொல்லு.

— மலாய்ல அதுக்கு என்ன?

— எதுக்கு?

— போகாதீங்கங்கிறதுக்கு.

— 'ஜாங்கான் பெர்கி'.

— ஜாங்கான் பெர்கி. இதச் சொன்னாக் கப்பலுக்கு ஒண்ணும் ஆகாதே?

— இந்தச் சொல்லுக்கு இந்த ஊருல ஒரு தீட்டும் இல்ல. யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையே.

— ஜாங்கான் பெர்கி. ஜாங்கான் பெர்கி. பாருங்கண்ணே, திக்காமச் சொல்லிட்டேன். சிரிப்புக்கூட வருது. அதையே தமிழ்ல நெனச்சாப் போதும், மாமியா கை வந்து அமுக்குது. இது என்ன அதிசயம்!

— அதிசயந்தான். மொகத்தக் கழுவிட்டு வா, போயிச் சொல்லிருவோம்.

— ஒண்ணு. அவுக இருக்கேன்னு சொல்லிட்டா, நாளைலேர்ந்து சொம்பத் தூக்குறேன். பயிற்சியக் குடுக்குறேன். தமிழு வந்தா வரட்டும். மாமாவும் சேந்து வந்தாலும் சரி, இனி நான் செவுத்தப் பாத்துப் பேசப் போறதில்ல. நீங்களும் உள்ள வாங்க. நான் சொல்லிப் பிசகுனா எடுத்துச் சொல்லணும்.

— நட. திரைய விலக்கு. முழிச்சுத்தான் இருக்கான். ஜன்னல் பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்கான் பாரு, காத்துக்கு.

— அடிக்! சுடா மக்கான்?

— அண்ணே, இன்னும் இல்லைங்கிறதுக்கு என்ன?

— 'பெலும்'.

— பெலும். எப்பிடிச் சாப்பிடுறது? மீனப் பூன கொண்டுபோயிருச்சு.

— பாரு, நான் இன்னும் மலாய்ல சொல்லவே இல்ல, அதுக்குள்ள சிரிக்கிறான். ஒன் மொகத்தப் பாத்தே பூனையக் கண்டுபுடிச்சிட்டான் போல. சரி, வந்த காரியத்தச் சொல்லு தங்கச்சி. பாங்கு சொல்லப் போறாங்க.

— நீங்க அந்தச் செவுத்தப் பாருங்கண்ணே.

— பாத்தாச்சு.

— அபாங்.

— அட, சொல்லிட்டியே!

— நீங்க பேசாதீங்க. அபாங்... ஜாங்கான் பெர்கி. ஜாங்கான் பெர்கி.

— கேட்டியாடா ஹாஜா? ஒன்னைய மறிக்கிறா. என்னடா, கண்ணத் தொடைக்கிற, அதுவும் அந்த வெளங்காத வலது கையால? தூசுன்னு இனி நான் நம்ப மாட்டேன். பதில் சொல்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்ன சொல்லுறன்னு தங்கச்சிக்கு நான் தமிழ்ல சொல்லணும்ல?

— த... தமிழ்லயே சொல்லு, ஹமீதா. எங்க அத்தா வீட்ல இல்ல.